ஜெராய் மலை எவ்வளவு தூரம் பார்க்கிறது?

மாணவர்களே, வானம் தெளிவாக இருக்கும் நாளில் ஜார்ஜ்டவுன் கடற்கரையில் நின்று வடக்கே பாருங்கள். கடலுக்கு அப்பால் நீலமாகத் தெரிவது கெடாவின் குனோங் ஜெராய். தொலைவு சுமார் 43 கிலோமீட்டர். உயரம் 1,217 மீட்டர். பூஜாங் பள்ளத்தாக்குக்கு வந்த பழங்காலக் கப்பல்களுக்கு அதுதான் அடையாளம். இன்று அதன் உச்சியில் உள்ள கோபுரங்கள் கெடா, பெர்லிஸ், பினாங்கு வீடுகளுக்குத் தொலைக்காட்சி அலைகளை அனுப்புகின்றன. இடையில் பெரும்பாலும் நெல்வயல்கள், கம்பங்கள், தோட்டங்கள்.

கோபுரத்தை ஏன் மலை உச்சியில் கட்ட வேண்டும்? நம் இலக்கவியல் தொலைக்காட்சி 470 முதல் 694 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் இயங்குகிறது. 600 மெகாஹெர்ட்ஸை எடுத்துக்கொள்வோம். ஒளியின் வேகத்தை அதிர்வெண்ணால் வகுத்தால் அலைநீளம் 0.5 மீட்டர். ஏரியல் கம்பிகள் ஏறக்குறைய ஒரு சாண் நீளம் இருப்பதன் காரணம் இதுதான்: பாதி அலைநீளம், 25 சென்டிமீட்டர். இவ்வளவு குறுகிய அலை தடைகளைச் சுற்றி அதிகம் வளையாது. ஒளியைப் போலவே நேராகப் போகும். பூமியோ வளைந்திருக்கிறது. ஆகவே,

தூரம் (கி.மீ.) = 3.57 × √உயரம் (மீ.)

சமவெளியில் 30 மீட்டர் கோபுரம் என்றால் சுமார் 20 கிலோமீட்டர்தான். ஜெராய் உச்சியிலிருந்து சுமார் 124 கிலோமீட்டர்! 77 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கங்கார் இதற்குள் அடங்கிவிடும். காற்று மண்டலம் அலையைச் சற்றே வளைப்பதால் உண்மையில் இன்னும் கொஞ்சம் தூரம் போகும். பரப்பளவைக் கணக்கிட்டால் இன்னும் வியப்பு: சுமார் 40 மடங்கு. ஒரே கோபுரம் இத்தனை கிராமங்களுக்குப் போதுமானது இப்படித்தான்.

ஆனால் வட்டத்துக்குள் இருந்தால் மட்டும் போதாது. வரைபடத்தில் பாலிக் புலாவையும் ஜெராயையும் ஒரு கோட்டால் இணையுங்கள். கோடு நம் கொடிமலைப் பக்கம் ஏறிச் செல்லும். பாலிக் புலாவ் மலை நிழலில் இருக்கிறது. இத்தகைய இடங்களுக்கு வேறொரு குன்றிலிருந்து துணை அலைபரப்பி தேவை.

2019 அக்டோபர் 31-ஆம் நாள் நாடு முழுவதும் பழைய ஒப்புமை ஒளிபரப்பு நிறுத்தப்பட்டது. அதில் அலை பலவீனமானால் படத்தில் புள்ளிகள் கொட்டும். ஆனாலும் பாட்டியால் செய்தி கேட்க முடியும். இலக்கவியலில் அப்படியில்லை. பிழைதிருத்தும் குறியீடு தாங்கும்வரை படம் பளிச்சென்று இருக்கும். அந்த எல்லையைத் தாண்டினால் கட்டம் கட்டமாக உடைந்து திரை கறுத்துவிடும். மலைக்குப் பின்னால் வாழ்பவர்களுக்கு இது சின்ன விஷயமல்ல. கோவிட் காலத்தில், 2021 பிப்ரவரி 17-இல் டிடிக்டிவி தொடங்கியபோது, இணையம் எட்டாத வீடுகளுக்கு அந்த ஏரியல்தான் வகுப்பறை வாசல்.

இனி உங்கள் கணக்கு: கொடிமலையின் உயரம் 833 மீட்டர். அங்கே கோபுரம் வைத்தால் அலை எவ்வளவு தூரம் போகும்? ஜெராயின் பரப்பில் எத்தனை விழுக்காடு கிடைக்கும்? இரண்டாவதற்கு வர்க்கமூலம் தேவையில்லை. ஏன்?