பூனையும் வேலியும்

நாய் தன்னை வளர்ப்பவனுக்கு அடங்கி நடக்கும். ஆடும் மாடும் தொழுவத்திற்கு அடங்கி நிற்கும். பூனையோ உண்ணும் இடத்தை வீடாகவும், ஊர் முழுவதையும் உலாவும் இடமாகவும் கொண்டு வாழ்வது. மதிற்சுவர் அதற்குத் தடையன்று, நடைபாதை! அத்தகைய விலங்கை நம் தோட்டத்திற்குள்ளேயே நிறுத்தி வளர்த்தல் இயலுமா? இயலுமாயினும் அது தகுமா? இவ்வினாக்களுக்கு விடை காணுமுன், ஒரு சிறு தீவின் வரலாற்றை அறிதல் நலம்.

நியூசிலாந்து நாட்டின் வடதீவுக்கும் தென்தீவுக்கும் இடைப்பட்ட கடலில் ஸ்டீவன்ஸ் தீவு உள்ளது. அதன் பரப்பு ஏறத்தாழ ஒன்றரைச் சதுரக் கிலோமீட்டரே. 1894ஆம் ஆண்டில் அங்கே கலங்கரை விளக்கம் ஒன்று ஏற்றப்பெற்றது. விளக்கைக் காக்க மனிதர் குடியேறிய காலத்தில் பூனையும் அத்தீவில் கால் வைத்தது. அங்கே சிட்டுக்குருவியினும் சிறிய பறவையினம் ஒன்று வாழ்ந்து வந்தது. பறக்கும் ஆற்றலை இழந்துவிட்ட அப்பறவை, பாறை இடுக்குகளில் எலியைப்போல் ஓடித் திரியும். காவலருள் ஒருவராகிய டேவிட் லயால் என்பார், பூனை கவ்வி வந்த சிற்றுடல்களைக் கண்டு வியந்தார். அவற்றைப் பதப்படுத்தி அறிஞர்களுக்குக் கிடைக்கச் செய்தார். இங்கிலாந்தில் வாழ்ந்த வால்டர் ரோத்சைல்டு, அஃது அதுவரை எவரும் பெயரிடாத இனம் எனக் கண்டு, லயாலின் பெயரையே அதற்குச் சூட்டினார். பெயர் கிடைத்தது, பறவையோ சில ஆண்டுகளுக்குள் அடியோடு மறைந்தது.

ஒரே ஒரு பூனை ஓரினம் முழுவதையும் தின்று தீர்த்தது என்று நெடுங்காலமாக ஒரு கதை வழங்கி வருகிறது. கேட்பதற்குச் சுவையான கதைதான், ஆயினும் மிகையானது. தீவில் பூனைகள் பலவாகப் பெருகியிருந்தன என்பதே உண்மை. 1925ஆம் ஆண்டளவில் அவை அனைத்தும் ஒழிக்கப்பட்டன. பறவை மீளவில்லை.

இதற்காகப் பூனையைப் பழித்தல் முறையன்று. வேட்டை அதன் இயல்பு. வயிறார உண்ட பூனையும், அசையும் சிற்றுயிரைக் கண்டால் பதுங்கிப் பாயும். பூனையையே கண்டறியாத மண்ணில் வளர்ந்த பறவைக்கு அஞ்சி ஒதுங்கத் தெரியவில்லை. இவ்விரண்டையும் ஓரிடத்தில் கூட்டிவைத்தவன் மனிதனே அல்லனோ?

அண்டை நாடாகிய ஆஸ்திரேலியாவிலும் பூனை வந்தேறிய விலங்கே. ஐரோப்பியரின் குடியேற்றத்தோடு அஃது அங்கே பரவியது. அந்நாட்டுக்கே உரிய சிறு விலங்குகளும் பறவைகளும் பல்லியினங்களும் அதனால் பெருந்துன்பம் உற்றன. ஆதலின், தலைநகராகிய கான்பராவின் ஆட்சிப்பகுதியில் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. 2022 ஜூலை முதல் நாளன்றும் அதற்குப் பின்னும் பிறந்த பூனைகளை, வளர்ப்போர் தம் மனையின் எல்லைக்குள்ளேயே வைத்துக் காத்தல் வேண்டும். வெளியே அழைத்துச் செல்ல விரும்பினால் வார் பூட்டி நடத்தலாம். முன்னரே பிறந்து, திரிந்து பழகியவற்றுக்குப் பெரும்பாலான இடங்களில் விலக்கு அளித்திருப்பது அச்சட்டத்தின் கனிவைக் காட்டுகிறது.

கழுத்தில் ஒரு மணி கட்டினால் போதாதோ என்று நீங்கள் வினவலாம். இங்கிலாந்தின் எக்சிட்டர் பல்கலைக்கழக அறிஞர்கள் 2021இல் வெளியிட்ட ஆய்வில், மணியால் தெளிவான பயன் காணப்படவில்லை. இறைச்சி மிகுந்த உணவளித்தபோது பூனைகள் வீட்டுக்குக் கொண்டுவந்த இரைகள் 36 விழுக்காடு குறைந்தன. நாள்தோறும் ஐந்து முதல் பத்து நிமிடம் அவற்றோடு விளையாடியபோது 25 விழுக்காடு குறைந்தன. நல்ல பயனே, எனினும் எஞ்சிய வேட்டை எஞ்சியதே. இரவில் மட்டும் அடைத்து வைத்தல் இரவில் திரியும் உயிர்களைக் காக்கும். பகலில் இரை தேடும் பறவைக்கு அதனால் என்ன பயன்?

இனி, வேலி அமைக்கும் முறையைக் காண்போம். நேராக நிற்கும் வேலியைப் பூனை எளிதில் ஏறிக் கடந்துவிடும். அதன் தலைப்பில் வலையை உட்புறமாகச் சாய்த்துக் கட்டினால், ஏறி வந்த பூனை தலைக்குமேல் தடையைக் கண்டு இறங்கிவிடும். வேலியின் உச்சியில் உருளைகளைப் பொருத்துவோரும் உண்டு. கால் வைத்ததும் உருளை சுழலும், நகம் பற்றாது. வேலியை ஒட்டிய மரங்களை மறந்துவிடலாகாது. அவற்றின் அடிமரத்தில் வழவழப்பான தகட்டைச் சுற்றாவிடில், வேலிக்குச் செலவிட்ட பொருள் வீணே. தோட்டம் முழுவதையும் வளைக்க இயலாதவர், வீட்டுச் சாளரத்தோடு இணைந்த வலைக்கூண்டு ஒன்றை அமைத்துக் கொள்ளலாம்.

எல்லைக்குட்பட்ட வாழ்வு பூனைக்குச் சிறையாகுமோ என்பது நல்லதோர் ஐயம். வெறும் கூண்டாக இருப்பின் சிறையே. ஏறி அமர உயரமான பலகை, நகம் தீட்ட ஒரு கட்டை, மறைந்துகொள்ள ஒரு பெட்டி, வெயில் காய ஓரிடம், கழிவிற்கு மணல்தட்டு ஆகியவை இருப்பின் அதன் தேவைகளுள் பெரும்பாலானவை நிறைவேறும். பகலின் பெரும்பகுதியை அஃது உறங்கியே கழிக்கும். மேலும், தெருவில் விரையும் வண்டி, நாயின் பல், பிற பூனைகள் கடிப்பதால் பரவும் நோய் ஆகியவை வேலியைக் கடந்து எளிதில் வாரா.

குட்டிப்பருவத்திலேயே பழக்கினால் தொல்லை மிகக் குறைவு. திரிந்து பழகிய பூனையோ முதலில் கதவருகே நின்று ஓயாது கத்தும். மாலை உணவை வீட்டினுள் வைத்து, உணவுக்குப்பின் கதவை அடைத்து, அடைக்கும் பொழுதை நாளும் சிறிது சிறிதாக நீட்டி வருதல் வேண்டும். இதற்குப் பல வாரங்கள் ஆகலாம். அந்நாட்களில் வீட்டிலுள்ள ஒருவர், ஒரு கயிற்று நுனியில் இறகைக் கட்டி அதனோடு விளையாடப் பொழுது ஒதுக்குதல் இன்றியமையாதது.