எந்த மாதம்? எந்தக் கரை?

இலங்கைக்குச் சுற்றுலா செல்ல ஏற்ற மாதம் எது? இக்கேள்விக்கு ஒரே விடை கிடையாது. "எந்தக் கரைக்கு?" என்று திருப்பிக் கேட்க வேண்டும். ஜூன் மாதத்தில் தென்மேற்கில் உள்ள காலியில் மழை பெய்யும், கடல் கொந்தளிக்கும். அப்போது கிழக்கே திருகோணமலையில் வெயில் அடிக்கும். கடல் அமைதியாக இருக்கும். இச்சிறு தீவில் ஏன் இந்த வேறுபாடு?

நிலப்படத்தைப் பாருங்கள். தீவின் நடுவே, சற்றுத் தெற்காக, மலைநாடு இருக்கிறது. அதன் மிக உயர்ந்த சிகரமாகிய பீதுருதாலகால 2,524 மீட்டர் உயரமுடையது.

மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று இந்துமாக்கடலின் ஈரத்தைச் சுமந்து வருகிறது. மலையில் மோதி மேலே ஏறும்போது அக்காற்று விரிந்து குளிர்கிறது. நீராவி மேகமாகி மழையாகப் பொழிகிறது. மலையின் மேற்குப் பக்கத்தில் உள்ள இரத்தினபுரி ஆண்டுக்கு 3,500 மில்லிமீட்டருக்கும் மேல் மழை பெறுகிறது. ஈரத்தை இழந்த காற்று மறுபுறம் இறங்கும்போது அமுக்கப்பட்டுச் சூடேறுகிறது. கிழக்கு மக்கள் 'கச்சான்' என்றழைக்கும் வறண்ட காற்று இதுவே.

டிசம்பர் முதல் பிப்ரவரி வரை நிலைமை தலைகீழாகிறது. வங்கக் கடலைக் கடந்து வரும் வாடைக்காற்று வடக்கிலும் கிழக்கிலும் மழை தருகிறது. தென்மேற்குக் கரையில் அப்போது மழை குறைவு. எனவே ஜனவரியில் காலி, ஜூலையில் திருகோணமலை என்று திட்டமிடலாம்.

இடைப்பட்ட மார்ச், ஏப்ரல், அக்டோபர், நவம்பர் மாதங்களில் பிற்பகல் இடிமழை எங்கும் வரலாம். ஆண்டின் இறுதி மாதங்களில் புயல் அபாயமும் உண்டு. 1978 நவம்பர் 23 அன்று மட்டக்களப்பைத் தாக்கிய புயலில் நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். ஆகவே மாதத்தை மட்டும் நம்பாமல், புறப்படுமுன் வானிலை அறிவிப்பையும் கேட்க வேண்டும்.

இக்கணக்கை அத்தீவு மக்கள் நெடுங்காலமாக அறிவர். சிவனொளிபாத மலை யாத்திரை டிசம்பர் பௌர்ணமியில் தொடங்கி, தென்மேற்குக் காற்று வலுக்குமுன் மே மாதப் பௌர்ணமியில் முடிகிறது. மேற்குக் கரை மீனவர் பலர் தம் கடல் சீறும் மாதங்களில் கிழக்குக் கரைக்குச் சென்று வாடி அமைத்துத் தொழில் செய்கின்றனர். பயணி கணக்குத் தவறினால் விடுமுறை வீணாகும். மீனவர் தவறினால் உயிரே போகலாம்.

இப்போது உங்களுக்கு ஒரு கேள்வி: ஜூலையில் கேரளத்தில் மழை கொட்டும்போது, மலைக்கு இப்பால் மதுரையில் வறண்ட காற்று வீசுவது ஏன்? படம் வரைந்து விளக்கிப் பாருங்கள்.