கதையும் படமும் கைக்கெட்டும் தூரத்தில்: கிண்டிவாசிகளுக்கு நூலகக் குறிப்புகள்

1. சொத்துவரிக் கணக்கைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். அதில் 10 சதவீதம் நூலக வரியும் சேர்ந்திருக்கிறது. 1948இல் வந்த பொது நூலகச் சட்டத்தின் ஏற்பாடு இது. வாடகை வீட்டில் குடியிருப்பவர்களும் வாடகை வழியாக இதைக் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். நூலகம் நம் காசில் நடப்பது, உரிமையோடு உள்ளே போகலாம். கிளை நூலகத்தில் உறுப்பினராகச் சிறிய தொகைதான் ஆகும். முகவரிச் சான்று நகலைக் கையோடு எடுத்துப் போங்கள்.

2. கிண்டியிலிருந்து சர்தார் பட்டேல் சாலையில் வந்து, காந்தி மண்டபம் சாலையில் இடப்பக்கம் திரும்பினால் அண்ணா நூற்றாண்டு நூலகம். 2010 செப்டம்பர் 15இல் திறந்தது. போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கான இடம் என்று நினைத்துக்கொண்டு, பணி ஓய்வு பெற்றவர்களும் இல்லத்தரசிகளும் அந்தப் பக்கமே போகாமல் இருப்பதைப் பார்க்கையில் மனசு ஆறவில்லை. தமிழ் நூல்கள் இரண்டாம் தளத்தில் இருக்கின்றன. தரைத்தளத்தில் பிரெயில் பிரிவு உண்டு. பார்வைக் குறைபாடு உள்ள உறவினர்களுக்கு மறக்காமல் சொல்லுங்கள். வீட்டிலிருந்து கொண்டுபோகும் சொந்தப் புத்தகத்தைப் படிக்கவும் தரைத்தளத்தில் தனி இடம் இருக்கிறது. பையை வெளியே வைக்கச் சொல்வார்கள் என்பதால் மூக்குக் கண்ணாடி, நோட்டு, பேனா மூன்றையும் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். ஏசி ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு ஒரு சால்வை.

3. டூயி தசம முறையில் அடுக்கியிருக்கும் எந்த நூலகத்திலும் சினிமா நூல்களின் எண் 791.43. நாடகம் 792, இசை 780, தமிழ் இலக்கியம் 894.811. இந்த நான்கையும் அலைபேசியில் குறித்து வைத்தால் அலமாரி அலமாரியாகத் தேட வேண்டாம்.

4. "ஏதாவது நல்ல புத்தகம் கொடுங்க" என்று கேட்டால் நூலகர் என்னதான் செய்வார்? கடைசியாகப் பிடித்த புத்தகம் ஒன்று, பிடித்த படம் ஒன்று, பாதியில் மூடி வைத்த புத்தகம் ஒன்று என மூன்றையும் சொல்லிக் கேளுங்கள். மூன்றாவதுதான் அவருக்கு அதிகம் உதவும். தொந்தரவு என்று தயங்க வேண்டாம். 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான சீர்காழிக்காரர் எஸ்.ஆர். ரங்கநாதன், 1931இல் எழுதிய ஐந்து விதிகளில் ஒன்றை வாசகரின் நேரத்தைக் காப்பதற்கென்றே ஒதுக்கினார்.

5. புத்தகத்தையும் படத்தையும் ஜோடியாக எடுங்கள். இந்தப் பட்டியலில் நான் முதலிடம் தருவது இதற்குத்தான். எதை முதலில் தொடுவது என்பது ஜோடிக்கு ஜோடி மாறும்.
பூமணியின் 'வெக்கை'யை முதலில் படியுங்கள், பிறகு 'அசுரன்' (2019) பாருங்கள். நாவல், காட்டில் மறைந்து திரியும் தகப்பனும் மகனும் கழிக்கும் எட்டு நாட்களோடு நின்றுவிடுகிறது. படம் தகப்பனின் இளமைக் காலத்தை விரிவாகச் சேர்க்கிறது. படத்தை முதலில் பார்த்துவிட்டால் நாவலின் நிதானம் பிடிபடாமல் போய்விடும்.
புதுமைப்பித்தனின் 'சிற்றன்னை', மகேந்திரனின் 'உதிரிப்பூக்கள்' (1979) இரண்டுக்கும் வரிசை தேவையில்லை. மகேந்திரன் விதையை மட்டும் எடுத்துக்கொண்டு வேறு மரம் வளர்த்தார். கதையின் அப்பாவும் விஜயன் நடித்த அப்பாவும் இரு வேறு மனிதர்கள்.
ஜெயகாந்தனின் 'சில நேரங்களில் சில மனிதர்கள்' (1977) படம், நாயகி கங்காவாக நடித்த லட்சுமிக்குத் தேசிய விருது பெற்றுத் தந்தது. இதில் படம் முதலில் வரட்டும்; நாவல் படிக்கும்போது கங்காவின் முகம் கூடவே வரும், அது நல்லதுதான்.
வீட்டில் ஒருவர் படிக்க, ஒருவர் பார்க்க, சாப்பாட்டு நேரத்தில் பேசிப் பாருங்கள். தொலைக்காட்சியை அணைக்கச் சொல்லி யாரையும் அதட்ட வேண்டியிருக்காது.

6. நூலகத்துக்குப் போக முடியாத வாரங்களில் மதுரைத் திட்டம், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் இரண்டும் உதவும். நாட்டுடைமையான எழுத்தாளர்களின் நூல்கள் அங்கே இலவசம். எழுத்தைப் பெரிதாக்கிப் படிக்க முடிவது வயதானவர்களுக்குப் பெரிய வசதி.

7. அண்ணா நூற்றாண்டு நூலகத்தின் 'பொன்மாலைப் பொழுது' சனிக்கிழமை மாலைகளில் எழுத்தாளர்களை நேரில் கேட்க வைக்கும் நிகழ்ச்சி. புறப்படும் முன் அந்த வார நிகழ்ச்சி உண்டா என்று நூலகத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள். பேச வருபவரின் ஒரு சிறுகதையையாவது படித்துவிட்டுப் போனால் கேள்வி தானாக வரும்.

8. பழைய படப் பிரியர்கள் ஒருமுறையாவது தரமணி ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்குப் போக வேண்டும். கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் வாழ்நாள் முழுக்கச் சேர்த்த நூல்கள், நாடக நோட்டீசுகள், சினிமாப் பாட்டுப் புத்தகங்கள் எல்லாம் அவர் 1992இல் மறைந்த பின் சிதறிப் போகாமல் இருப்பது இந்த நூலகத்தால்தான். தியேட்டர் வாசலில் விற்ற அந்தப் பாட்டுப் புத்தகங்களில் கதைச் சுருக்கம் பாதியில் நின்று, மீதியை வெள்ளித்திரையில் காணச் சொல்லும். உங்கள் அம்மா வாங்கிப் பத்திரப்படுத்தித் தொலைத்ததும் அங்கே இருக்கலாம். இது வீட்டுக்கு இரவல் தரும் நூலகம் அன்று. படப் பெயர், ஆண்டு இரண்டையும் எழுதி முன்கூட்டியே கேட்டுவிட்டுப் போங்கள்.

9. பிறமொழிப் படங்களுக்கு ஆழ்வார்பேட்டை ரஷ்யக் கலாசார மையம், நுங்கம்பாக்கம் அலியான்ஸ் பிரான்சேஸ் அறிவிப்புகளைக் கவனித்து வாருங்கள். சென்னைப் பன்னாட்டுத் திரைப்பட விழா 2003இலிருந்து நடக்கிறது, வழக்கமாக டிசம்பரில்.

10. கிளை நூலக வாசகர் வட்டத்தில் படம் திரையிட ஆசையா? 'அந்த நாள்' (1954) நல்ல தொடக்கம். பாட்டே இல்லாத தமிழ்ப் படம், எஸ். பாலசந்தர் இயக்கியது. கொலை ஒன்றைப் பலர் பல விதமாகச் சொல்வதால் விவாதம் தானே சூடு பிடிக்கும். கூடவே குரோசவாவின் 'ரஷோமோன்' (1950) பற்றியும், அதற்கு அடிப்படையான அகுதகாவாவின் சிறுகதைகள் பற்றியும் ஒருவர் பேசலாம். நம் சட்டப்படி படத்தின் பதிப்புரிமை, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள். வசனம், பாடல்களின் உரிமை தனியாக நீடிக்கக்கூடும். அதனால் பழைய படமானாலும் தயாரிப்பு நிறுவனத்துக்கு ஒரு கடிதம் எழுதிவிடுங்கள்.

11. படியேற முடியாத, வெளியே வர இயலாத பெரியவர்கள் வீட்டில் இருந்தால், கிளை நூலகத்தில் 'நூலக நண்பர்கள்' திட்டம் பற்றிக் கேளுங்கள். தன்னார்வலர்கள் புத்தகத்தை வீட்டுக்கே கொண்டு வந்து கொடுத்து, படித்ததும் வாங்கிச் செல்வார்கள். உங்களுக்கு நேரமிருந்தால் தன்னார்வலராகவும் பெயர் கொடுக்கலாம்.