அசையாத வடம்

அன்புள்ள தங்கை மகளுக்கு,

ஒரு கயிற்றை இரு முனையிலும் ஆளுக்கு 20 கிலோ விசையோடு இழுத்தால், கயிற்றின் இழுவிசை 40 கிலோவா என்று கேட்டிருந்தாய். இல்லை, 20 தான். ஒரு முனையைச் சுவர்க் கொக்கியில் கட்டிவிட்டு நீ மட்டும் இழுத்துப் பார். கயிறு அசையாமல் நிற்க வேண்டுமானால் சுவரும் அதே 20 கிலோவோடு எதிர்ப்பக்கம் இழுத்தாக வேண்டும். சுவருக்குப் பதில் ஓர் ஆள் நின்றால் கயிற்றுக்கு எந்த வித்தியாசமும் இல்லை. (நியூட்டனில் வேண்டுமென்றால் ஏறத்தாழ பத்தால் பெருக்கிக்கொள்.)

ஆனியிலோ மார்கழியிலோ தேரோட்டத்துக்குச் சிதம்பரம் வருவாய் அல்லவா, அப்போது கீழ வீதியில் நடராசர் தேர் நகர்வதற்கு முந்தைய நொடிகளைக் கவனி. வடம் விறைத்திருக்கும், தேர் அசையாது. மக்களின் இழுப்பும், சக்கரத்தின் உராய்வும் முட்டுக்கட்டையும் தரும் எதிர்ப்பும் அப்போது சரிசமம். ஒரு வடத்தை 100 பேர் ஆளுக்கு 20 கிலோவாக இழுப்பதாக வைத்துக்கொள். முன்நுனியில் இருப்பவருக்கு அடுத்து வடத்தில் 20 கிலோதான் இருக்கும். ஒவ்வோர் ஆளையும் தாண்டத் தாண்ட அது கூடி, நடுவில் 1,000 ஆகி, தேரை ஒட்டிய இடத்தில் 2,000 ஆகிவிடும். ஒரே வடம், இடத்துக்கு இடம் வேறு இழுவிசை! பாடநூல் கயிற்றை நடுவில் யாரும் பிடிப்பதில்லை, அதனால் இது அங்கே வருவதில்லை.

கோயிலுக்குள் ஆயிரங்கால் மண்டபத்துக்கும் போ. தூண்கள் ஏன் இவ்வளவு நெருக்கம்? மேலே கிடக்கும் கல் உத்திரம் கண்ணுக்குத் தெரியாத அளவு வளைகிறது. அதன் மேல்பக்கம் அமுங்கும், அடிப்பக்கம் இழுபடும். கருங்கல் அமுக்கத்தை அபாரமாகத் தாங்கும். இழுப்பைத் தாங்குவதோ அதில் பத்தில் ஒரு பங்குதான், பெரும்பாலும் அதற்கும் குறைவு. அதே கனமுள்ள உத்திரத்தின் நீளத்தை இரட்டிப்பாக்கினால், தன் எடையாலேயே அடிப்பக்க இழுப்பு நான்கு மடங்காகும். தூண் தலையில் போதிகையை நீட்டி வைத்து இடைவெளியை இன்னும் குறைத்த சிற்பிகளின் அறிவை நான் வணங்குகிறேன். விசைக்கு ஏற்ப பொருள் நீளும் என்று ராபர்ட் ஹூக் 1678இல் எழுதுவதற்கு வெகுகாலம் முன்பே அவர்கள் கல்லின் பலவீனத்தைக் கையால் அறிந்திருந்தார்கள்.

கான்கிரீட்டுக்கும் இதே குணம். அதனால்தான் இரு முனையிலும் தாங்கப்பட்ட உத்திரத்தில் முக்கியக் கம்பியை அடிப்பக்கம் வைக்கிறோம். சுவரிலிருந்து நீளும் சன்ஷேடில் இது தலைகீழ்: அங்கே இழுபடுவது மேல்பக்கம். கம்பி கட்டிய பிறகு ஆட்கள் மிதித்து அது கீழே இறங்கிவிட்டால், பலகை பிரித்ததும் சன்ஷேடு முறிந்து விழக்கூடும்.

கடலூரில் உங்கள் மாடி வேலை நடக்கிறதே, கான்கிரீட் ஊற்றுவதற்கு முன் அப்பாவோடு ஏறிப் பார். சன்ஷேடில் கம்பி மேலே நிற்கிறதா, அதை மூடப் போதுமான கனத்துக்குக் கான்கிரீட் வருமா என்று கேள். உங்கள் ஊர் உப்புக் காற்றில் கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கும்.

அன்புடன்,
மாமா