சேலை கொடுத்தால் ஜாக்கெட் தைக்கவும் நாள் கொடுங்கள்

சபையில் சந்திப்பு ஊழியத்துக்குப் புதிதாகப் பெயர் கொடுத்திருக்கிற தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். எங்கள் வீட்டில் உலையில் அரிசி போடுமுன் அம்மா ஒரு கைப்பிடி எடுத்துத் தனிப் பானையில் போடுவாள். ஞாயிற்றுக்கிழமை அது கோயிலுக்குப் போகும், அங்கிருந்து இல்லாத வீடுகளுக்கு. திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவ வீடுகளில் பலருக்குப் பழகிய வழக்கம்தான். எந்த வீட்டு அரிசி எந்த வீட்டில் வெந்தது என்று யாருக்கும் தெரியாது. வாங்குகிறவர் முகம் சுருங்காமல் கொடுக்க வேண்டும் என்பதை அந்தப் பானையிடம்தான் படித்தேன். படித்ததைச் செய்யப் போனபோது இடறிய இடங்கள் பல. அவற்றில் சில கீழே வருகின்றன.

செய்ய வேண்டியவை

கொடுக்கிற காபியைக் குடியுங்கள். இதை முதலில் வைக்கக் காரணம் இருக்கிறது. "இப்பத்தான் குடிச்சிட்டு வந்தேன்", "எனக்கு சுகர்" என்று நாம் சொல்லும் சாக்குகளை அந்த வீட்டார் தாத்தா காலத்திலிருந்து கேட்டு வருகிறார்கள். எந்தத் தெருவுக்குள் நுழைந்தால் நமக்கு திடீரென்று சுகர் வருகிறது என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும். சாதியெல்லாம் ஞானஸ்நானத் தண்ணீரோடு போய்விட்டது என்று நாம்தான் சொல்லிக்கொள்கிறோம். நெல்லை மாவட்டம் வடக்கன்குளத்தில் 1872-இல் எழும்பிய கோயில், ஒரே பீடத்தை நோக்கி இரண்டு கிளையாகப் பிரித்துக் கட்டப்பட்டது. சாதிக்கு ஒரு கிளை. நடுவிலிருந்த தடுப்பை இடிக்க 1910 வரை ஆயிற்று. இடித்ததை எதிர்த்து வழக்கும் நடந்தது. அது கத்தோலிக்கர் கோயில்தானே என்று சி.எஸ்.ஐ.க்காரர்கள் நிமிர்ந்து உட்கார வேண்டாம். நம் கல்லறைத் தோட்டங்களைப் போய்ப் பாருங்கள்.

அதே 1910-இல் எடின்பரோவில் உலக மிஷனரி மாநாடு. வெள்ளாளன்விளையில் பிறந்த வி. எஸ். அசரியா அங்கே பேச எழுந்தார். வயது 35. இரண்டு ஆண்டு கழித்து ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர் ஆகப்போகிறவர். ஏழைகளுக்காக உங்கள் பொருளைக் கொடுத்தீர்கள், உடலையும் கொடுத்தீர்கள், அன்பையும் தாருங்கள், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்ற பொருள்பட வெள்ளைக்காரர்களிடம் கேட்டார். சிலருக்குக் கோபம் வந்தது. இன்று நம் சபையின் கடைசித் தெருவில் இருப்பவர் எழுந்து நம்மிடம் அதே வார்த்தையைக் கேட்டால் நமக்கும் கோபம் வரும். அதனால்தான் சொல்கிறேன், காபி ஆறுமுன் குடித்துவிடுங்கள்.

நேரம் அறிந்து கொடுங்கள். கிறிஸ்துமஸ் சேலையை டிசம்பர் 24 சாயங்காலம் கொண்டுபோய்க் கொடுப்பது நம் பழக்கம். டிசம்பர் பத்துக்கு மேல் எந்த டெய்லரும் துணி வாங்கமாட்டார். புதுச் சேலைக்குப் பழைய ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு அந்த அக்கா காலை ஆராதனைக்கு வந்து நிற்பாள். ஊருக்கே விஷயம் தெரிந்துவிடும். நவம்பர் கடைசிக்குள் கொடுங்கள், தையற்கூலியும் சேர்த்து. பள்ளிக்கூட உதவியும் அப்படித்தான். ஆகஸ்டில் கொடுக்கிற நோட்டுப் புத்தகம், ஜூனில் வட்டிக்கு வாங்கிய கடனை அடைக்காது.

வேதாகமத்தில் போவாஸ் என்ற வயல்காரன் கொடுத்த விதத்தைக் கவனியுங்கள். ரூத் எழுந்து கதிர் பொறுக்கப் போன பிறகு, அவளைக் கூச்சப்படுத்த வேண்டாம், அரிக்கட்டுகளிலிருந்து சிலவற்றை வேண்டுமென்றே உருவிப் போட்டுவிடுங்கள் என்று வேலைக்காரர்களிடம் சொல்கிறான். அவள் தன் கையால் பொறுக்கியதாகவே மாமியாரிடம் கொண்டுபோனாள். நம் ஊரில் இதைச் செய்வது கஷ்டமில்லை. மளிகைக் கடைக்காரரிடம் போய், இன்னார் பற்றில் ஐந்நூறு வரவு வைத்துக்கொள்ளுங்கள், யார் என்று சொல்ல வேண்டாம் என்றால் முடிந்தது. கடைக்காரர் வாய் எப்படி என்று மட்டும் முன்னாலேயே விசாரித்துவிடுங்கள்.

இரண்டு பேராகப் போங்கள். 1833-இல் பாரிஸில் பிரடெரிக் ஓசானாம் என்ற இருபது வயது மாணவரும் நண்பர்களும் தொடங்கிய வின்சென்ட் தே பவுல் சபையார் ஏழைகள் வீட்டுக்கு இருவராகப் போவதைத்தான் பழக்கமாக்கினார்கள். சாட்சிக்கு ஒருவர் ஆயிற்று. நாம் அதிகம் பேசினால் முழங்கையால் இடிக்கவும் ஒருவர் வேண்டும்.

திரும்பிப் போங்கள். நல்ல சமாரியன் சத்திரக்காரனிடம் இரண்டு வெள்ளிக்காசு கொடுத்ததைப் பற்றியே பிரசங்கம் செய்கிறோம். திரும்பி வரும்போது மீதியைத் தருவேன் என்றானே, எனக்கு அதுதான் பெரிதாகத் தெரிகிறது. அடக்க ஆராதனைக்கு ஊரே வரும். மூன்றாம் மாதம், ரேஷன் அட்டையில் இறந்தவர் பெயரை நீக்கவும், வாரிசுச் சான்றிதழுக்கு அலையவும், விதவை உதவித்தொகைக்கு மனு எழுதவும் ஓர் ஆள் தேவைப்படும். அப்போது போகிறவர்தான் அந்த வீட்டுக்கு ஊழியர்.

"ஜெபிக்கிறேன்" என்று சொன்னால் பெயரையும் தேதியையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மறப்பது மனித இயல்பு. கேட்டவருக்கு மறக்காது.

காணிக்கையைத் தனியாக எண்ணாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் நல்லவர்தான், இருந்தாலும்.

கோயிலில் மணியடிப்பவருக்கும் பெருக்குகிறவருக்கும் முதல் தேதி சம்பளம் போய்விட வேண்டும். கூலியைச் சூரியன் அஸ்தமிக்குமுன் கொடு என்பது உபாகமக் கட்டளை. அவர்களைக் காக்க வைத்துவிட்டுக் கன்வென்ஷன் பந்தலுக்கு முன்பணம் கொடுக்கிற கமிட்டியில் நானும் இருந்திருக்கிறேன்.

செய்யக்கூடாதவை

மேடைக்கு அழைக்காதீர்கள். விதவைகளை வரிசையாக நிற்க வைத்து, மைக்கில் பெயர் வாசித்து, போதக ஐயர் கையால் சேலை கொடுத்து, போட்டோ எடுத்து, அதை வாட்ஸ்அப்பில் போட்டு... வலது கை செய்வது இடது கைக்குத் தெரியக்கூடாது என்றவரின் பெயரால் நடக்கிற விழா அது. கணக்குக்குப் படம் வேண்டும் என்று கமிட்டி கேட்டால், கடை ரசீதைப் படம் எடுத்துக் கொடுங்கள்.

ஜெபக்குறிப்பு என்ற பெயரில் ஊர்க்கதை பேசாதீர்கள். "இன்னார் மகளுக்காக ஜெபிப்போம், காரணம் கர்த்தருக்குத் தெரியும்" என்று குழுவில் ஒருவர் எழுதினால் போதும்; பத்து நிமிஷத்தில் காரணம் எல்லாருக்கும் தெரிந்துவிடும். ஆண்டவருக்கு விவரம் சொல்ல குழு எதற்கு?

நோயாளி பக்கத்தில் நீட்டி ஜெபிக்காதீர்கள். ஒருமுறை ஆஸ்பத்திரியில் ஒரு பெரியவர் தலைமாட்டில் நின்று கால்மணி நேரத்துக்கு மேல் ஜெபித்தேன். உருக்கமாகத்தான் வந்தது. ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தால் அவர் முகம் கோணிக் கிடக்கிறது. பாவம், மூத்திரம் வந்து அடக்கிக்கொண்டிருந்திருக்கிறார். ஜெபம் முடியட்டும் என்று மரியாதைக்குப் பொறுத்திருக்கிறார். அன்றிலிருந்து இரண்டு நிமிஷம்தான், அதுவும் "ஏதாவது வேணுமா, அண்ணாச்சி?" என்று கேட்ட பிறகு. என்ன பாவத்தால் இந்த வியாதி என்ற ஆராய்ச்சியும் வேண்டாம். யோபுவின் சிநேகிதர்கள் ஏழு நாள் தரையில் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை நல்ல சிநேகிதர்கள்தான்.

உதவிக்கு விலையாக விசுவாசத்தைக் கேட்காதீர்கள். வேறு மதத்தார் வீட்டுக்கு அரிசி கொண்டுபோனால் அரிசியைக் கொடுத்துவிட்டு வாருங்கள். பைக்குள் கைப்பிரதி வேண்டாம். ஏன் செய்கிறீர்கள் என்று அவர்களாகக் கேட்டால், அப்போது மறைக்காமல் சொல்லுங்கள்.

சபையின் பெயரைக் காப்பாற்றக் குழந்தையைப் பலி கொடுக்காதீர்கள். ஞாயிறு பள்ளியிலோ விடுமுறை வேதாகமப் பள்ளியிலோ எந்தப் பெரியவரும் ஒரு பிள்ளையோடு மூடிய அறையில் தனியாக இருக்க வேண்டாம். தவறு நடந்ததாகத் தெரிந்தால் கமிட்டி கூடிப் பேசி முடிக்கிற விஷயமல்ல அது. 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, அறிந்தவர் காவல்துறைக்குச் சொல்லியே ஆக வேண்டும். சொல்லாமல் விடுவதும் குற்றம். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணைப் பிள்ளைகள் வகுப்புச் சுவரில் எழுதி வையுங்கள். வசனத்துக்குப் பக்கத்திலேயே எழுதலாம்.

பெஞ்சிலும் மின்விசிறியிலும் பெயர் எழுதாதீர்கள். விசிறி சுற்றும்போது பெயர் தெரியாது என்பது ஒன்றுதான் ஆறுதல். டோனாவூரில் பிள்ளைகளை எடுத்து வளர்த்த மிஷனரி ஏமி கார்மைக்கேல், 1931-இல் விழுந்து அடிபட்டு, கடைசி இருபது வருஷத்தைப் பெரும்பாலும் தன் அறைக்குள்ளேயே கழித்தவர், 1951-இல் காலமானார். கல்லறைமேல் கல் வைக்க வேண்டாம் என்று சொல்லியிருந்தார். அவர் வளர்த்த பிள்ளைகள் பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு தொட்டியை அங்கே வைத்து, "அம்மா" என்று மட்டும் எழுதினார்கள்.

வீட்டில் எரிந்து விழுந்துவிட்டு ஊழியத்துக்கு ஓடாதீர்கள். போகிற இடத்தில் எப்படியும் தெரிந்துவிடும். உங்கள் மனைவியும் அதே பெண்கள் ஐக்கிய சங்கத்தில்தான் இருக்கிறார்.

பொறுப்பு முடிந்தால் சாவியை வைத்துக்கொண்டு சுற்றாதீர்கள். சேகரத் தேர்தலில் தோற்றவர்கள் கணக்கு நோட்டைக் கொடுக்காமல் ஆறு மாதம் இழுத்த கதை எல்லா ஊரிலும் உண்டு. அடுத்தவரிடம் சந்திப்பு நோட்டை அன்றைக்கே கொடுத்துவிடுங்கள். வெறும் பெயர்ப் பட்டியலாகக் கொடுக்க வேண்டாம். வடக்குத் தெரு மூன்றாம் வீட்டுப் பாட்டிக்கு இடது காது மட்டும் கேட்கும். அடுத்த வீட்டு நாய் குரைக்கும், கடிக்காது. கடைசி வீட்டு அண்ணாச்சி சாயங்காலம் ஐந்துக்கு மேல்தான் விழித்திருப்பார், அவருக்குச் சீனி போடாத காபி.