இடுப்பில் இரண்டு கொடிகள்

அன்புள்ள யாழினி,

2028 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்ஸில் கிரிக்கெட் உண்டு என்று துள்ளிக் குதித்தவள், அதே பட்டியலில் இருக்கும் ஃபிளாக் ஃபுட்பால் என்ன ஆட்டம் என்று கேட்டாயாமே? உன் அம்மா போனில் சொன்னாள். இரண்டையும் சேர்க்க முடிவானது நம் மும்பையில்தான், 2023 அக்டோபரில் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி அங்கே கூடியபோது. கிரிக்கெட் பற்றி உனக்கு நான் சொல்ல என்ன இருக்கிறது? மற்றதைச் சொல்கிறேன்.

ஹெல்மெட்டும் தோள் கவசமுமாக மோதிக்கொள்ளும் அமெரிக்க ஃபுட்பாலை டிவியில் பார்த்திருப்பாய். இரு முனையும் கூரான பந்தைக் கையால் எறிவார்கள், பிடிப்பார்கள், அதோடு ஓடுவார்கள். ஓடுபவரைத் தரையில் வீழ்த்தினால்தான் ஓட்டம் நிற்கும். இரண்டாம் உலகப் போர்க் காலத்து அமெரிக்க ராணுவ முகாம்களில், வீரர்கள் விளையாட்டிலேயே எலும்பை உடைத்துக்கொள்ளக் கூடாது என்று அந்த வீழ்த்தலை நீக்கி ஆடினார்கள். அப்படி வளர்ந்ததுதான் இது.

வீழ்த்தலுக்குப் பதிலாக வந்தது ஒரு பெல்ட். அதன் இரு பக்கமும், இடுப்பெலும்புக்கு நேராக, ஒவ்வொரு பட்டை தொங்கும். அதுதான் கொடி. வெடுக்கென்று இழுத்தால் ‘டப்’பென்று கழன்று வரும். பந்து வைத்திருப்பவரின் கொடி ஒன்று எதிராளி கைக்குப் போனால் ஆட்டம் அங்கேயே நின்றுவிடும். நீ கபடியில் ரைடரை மடக்கிப் பிடிப்பாயே, அந்தப் பிடி இங்கே தவறு. உடம்பைத் தொடாமல் கொடியை மட்டும் எடுக்க வேண்டும்.

இதை மனதில் வைத்துக்கொண்டால் பாதி விதிகள் தாமாகவே விளங்கிவிடும். சட்டையை உள்ளே செருக வேண்டும். இல்லாவிட்டால் கொடி மறைந்துபோகும். கால்சட்டையில் பை இருக்கக் கூடாது. இழுக்க வருபவரின் விரல் அதில் மாட்டி முறியும். கொடியின் நிறம் கால்சட்டை நிறத்தோடு கலந்துவிடக் கூடாது. ஓடும்போது கையால் கொடியை மறைத்தாலோ, இழுக்க வரும் கையைத் தட்டிவிட்டாலோ தண்டனை உண்டு. தப்பிக்க எகிறிக் குதிக்கவும் கூடாது. உடம்பைச் சுழற்றித் திரும்பலாம், சட்டென்று திசை மாற்றலாம். இந்த ஆட்டத்தின் அழகே அதில்தான் இருக்கிறது என்பேன். சக வீரருக்கு வழி உண்டாக்க எதிராளியை இடித்து நிறுத்துவதும் கிடையாது.

மற்ற சாமான்கள் கொஞ்சம்தான்: பந்து, பிடிப்புள்ள ஷூ (உலோக முள் ஆகாது), பல்லுக்கு மவுத்கார்டு. கவசங்களுக்கு வேலையில்லை.

சர்வதேசப் போட்டியில் அணிக்கு ஐந்து பேர். மைதானம் 50 கஜ நீளம், 25 கஜ அகலம். இரு முனையிலும் 10 கஜத்துக்கு எண்ட் ஸோன். இருபது இருபது நிமிடமாக இரண்டு பாதி. உன் எல்லையிலிருந்து ஐந்தாவது கஜத்தில் தொடங்குவாய். நடுக்கோட்டைத் தாண்ட நான்கு வாய்ப்பு. தாண்டிவிட்டால் எண்ட் ஸோனை எட்ட இன்னும் நான்கு. எட்டினால் டச் டவுன், 6 புள்ளி. பிறகு ஒரு கூடுதல் முயற்சி: 5 கஜத்திலிருந்து என்றால் 1 புள்ளி, 10 கஜத்திலிருந்து என்றால் 2. எதை எடுப்பது என்று அணியே முடிவு செய்யும். கடைசி நிமிடங்களில் அந்த முடிவே ஆட்டத்தைத் திருப்பிப்போடும்.

பந்து தரையில் விழுந்தால் அத்துடன் அந்த முயற்சி முடிந்தது. அதன்மேல் ஆள்மேல் ஆளாக யாரும் விழுவதில்லை. நடுக்கோட்டுக்கும் எண்ட் ஸோனுக்கும் முந்தைய ஐந்து கஜத்தில் ஓடி முன்னேற முடியாது, பாஸ்தான் எறிய வேண்டும். நெருக்கமான இடத்தில் முட்டித் தள்ளிக்கொண்டு நுழைவதைத் தடுக்கத்தான் இந்த ஏற்பாடு.

பாஸ் எறிபவர் குவாட்டர்பேக். பந்து வைத்த கோட்டை அவர் தாமே ஓடித் தாண்டக் கூடாது. அவரை நெருக்க வருபவர் அந்தக் கோட்டிலிருந்து ஏழு கஜம் தள்ளி நின்று கிளம்ப வேண்டும். அவர் வந்து சேர்வதற்குள் கிடைக்கும் சில நொடிகளில், தன் அணியில் யார் எதிராளியின் காவலின்றி நிற்கிறார் என்று குவாட்டர்பேக் பார்த்து எறிய வேண்டும். இதற்குத் தோள்வலிமையைவிடக் கண் முக்கியம். 2022இல் அமெரிக்காவின் பர்மிங்ஹாமில் நடந்த உலக விளையாட்டுகளில், மெக்சிகோ பெண்கள் அணி அமெரிக்காவை அதன் சொந்த மண்ணிலேயே 39–6 என்று வென்று தங்கம் எடுத்தது. மெக்சிகோவின் குவாட்டர்பேக் டயானா ஃப்ளோரஸ். அவர் ஆடும் வீடியோவைத் தேடிப் பார். கொடிக்கு நீளும் கைகளிலிருந்து இடுப்பை எப்படி விலக்குகிறார் என்று மட்டும் கவனி.

கொடி எடுக்கப் பழகும்போது எதிராளியின் கண்ணையோ தோளையோ பார்க்காதே. அவை ஏமாற்றும். இடுப்பைப் பார், இடுப்பு போகும் பக்கம்தான் ஆள் போவாள். கிட்டே போனதும் ஓட்டத்தைக் குறைத்து, முழங்காலை மடக்கித் தாழ்ந்து நில், பிறகு கையை நீட்டு. பெல்ட் வாங்கும்வரை காத்திருக்க வேண்டாம். பழைய துணியில் முழ நீளத்துக்கு இரண்டு பட்டை கிழித்து இடுப்பின் இரு பக்கமும் செருகிக்கொண்டு, மாலையில் தோழிகளோடு ஆடிப் பாருங்கள். முடிச்சு மட்டும் போடாதீர்கள். இழுத்தால் கையோடு வர வேண்டும்.

அன்புடன்,
மாமா