வருகிற இளைஞர், போகிற இளைஞர்: மானியம் சுமப்பதும் சுமக்காததும்



"வெளிநாட்டிலிருந்து பணம் வருகிறதே, பிறகு எங்கள் சபையில் ஏன் காணிக்கை உறை கொடுக்கிறீர்கள்?" என்று நம்மைத் தாங்கும் சபைகளில் அவ்வப்போது கேட்கப்படுவதுண்டு. நியாயமான கேள்வி. கேட்பவர்களைக் குறைவாக எண்ண வேண்டியதில்லை. பணம் எங்கிருந்து வந்து எங்கே போகிறது என்று விசாரிக்கிறவர்களே நெடுநாள் நிலைத்து நிற்கும் பங்காளர்கள் என்பது எங்கள் அனுபவம். இந்த முறை பாடத்தில் அந்தக் கேள்விக்கு ஒரு சிறிய உதாரணத்தை எடுத்துக்கொள்கிறோம். வெளிநாட்டு இளைஞர்கள் நம் நாட்டுக்கு வந்து சில மாதங்கள் தொண்டு செய்வதற்கும், நம் இளைஞர்கள் அங்கே போவதற்கும் கொடுக்கப்படும் மானியங்களே அந்த உதாரணம். மருத்துவமனைக் கட்டடம், கருவி ஆகியவற்றோடு ஒப்பிட்டால் தொகை சிறியது. ஆனால் ஒரு மானியம் எதைச் சுமக்கும், எதைச் சுமக்காது என்பது இதில் தெளிவாகத் தெரியும்.

திருச்சிக்கு இது புதிய காரியம் அல்ல. கிறிஸ்தியான் பிரெடரிக் சுவார்ச் 1750ல் தரங்கம்பாடியில் வந்து இறங்கியபோது அவருக்கு வயது 23. 1762ல் திருச்சிக்கு வந்தார். புத்தூரிலிருந்து தில்லைநகர் வழியாகக் கோட்டைப் பக்கம் போனால் தெப்பக்குளத்தருகே நாம் காணும் கிறிஸ்து ஆலயம் 1766ல் அவர் காலத்தில் எழுந்தது. இந்த வரலாறு நம்மில் பலருக்குத் தெரியும். அவருடைய செலவை யார் கொடுத்தார்கள் என்று நாம் அவ்வளவாக விசாரிப்பதில்லை. தரங்கம்பாடி மிஷனுக்கு டென்மார்க் அரசரின் கருவூலத்திலிருந்து பணம் வந்தது. ஜெர்மனியில் ஹாலே நகரத்தார் ஆட்களையும் காணிக்கையையும் அனுப்பினார்கள். லண்டனிலிருந்த எஸ்.பி.சி.கே. சங்கம் அச்சு இயந்திரமும் காகிதமும் அனுப்பியது. 1767 முதல் சுவார்ச்சையே தன் ஊழியராக ஏற்றுக்கொண்டது. அதாவது மூன்று நாட்டுப் பணத்தில் ஓர் இளைஞர். பணம் கொடுத்தவர்களுக்குத் தகவல் சொல்லவேண்டுமே! அதற்காகவே ஹாலேயில் 1710 முதல் மிஷனெரிகளின் கடிதங்களையும் நாட்குறிப்புகளையும் அச்சிட்டு அனுப்பினார்கள். நீங்கள் கையில் வைத்திருக்கும் இந்தச் சிறு பத்திரிகையின் பாட்டனார் அதுதான் என்று சொன்னால் மிகையாகாது.

அந்தக் கடிதங்களில் தமிழரும் வருகிறார்கள். ஆனால் செலவுத் தொகை, ஆள் தெரிவு, அனுப்பும் நாள் எல்லாம் கோப்பன்ஹேகனிலும் ஹாலேயிலும் லண்டனிலும் தீர்மானமாயின. இந்த ஒரு குறிப்பை மனதில் வைத்துக்கொண்டு நம் காலத்துக்கு வருவோம்.

அரசாங்கப் பணத்தில் நடக்கும் இளைஞர் பரிமாற்றங்களில் உலகம் அதிகம் பேசுவது பிரான்சும் ஜெர்மனியும் சேர்ந்து நடத்தும் ஏற்பாட்டைப் பற்றித்தான். 1870, 1914, 1939 என்று எழுபது ஆண்டுகளுக்குள் மூன்று முறை போர் தொடுத்துக்கொண்ட நாடுகள் இவை. 1963 ஜனவரி 22ல் தெகோலும் அடினாயரும் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். அதே ஆண்டு ஜூலையில் இரு நாட்டு இளைஞர்களுக்காக ஒரு பொது அலுவலகம் ஏற்பட்டது. அன்று முதல் சுமார் ஒரு கோடி இளைஞர்கள் அதன் மூலம் ஒருவர் நாட்டுக்கு மற்றவர் போய்வந்திருக்கிறார்கள். எண்ணிக்கையை விட முக்கியமானது ஒன்று உண்டு. அதன் நிதியில் இரு அரசுகளும் சரிபாதி போடுகின்றன. நிர்வாகக் குழுவிலும் இரு தரப்பும் சமமாக உட்காருகின்றன. எந்த ஊரில் முகாம் நடத்துவது, எந்த மொழியில் பேசுவது என்பதில் ஒருவர் மற்றவருக்கு விருந்தாளியாக இருந்து வாய்மூடியிருக்க வேண்டியதில்லை.

இப்படிப்பட்ட சரிபாதி நிதி நமக்கும் ஜெர்மனிக்கும் இடையில் இல்லை. நம் ஊர்ப்பக்கம் தெரிந்தது 'வெல்ட்வேர்ட்ஸ்' என்ற திட்டம். 'உலகை நோக்கி' என்று பொருள்படும். ஜெர்மனியின் பொருளாதார ஒத்துழைப்பு அமைச்சகம் 2008ல் இதைத் தொடங்கியது. 18 முதல் 28 வயது வரையுள்ளவர்கள் ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை வெளிநாட்டில் தொண்டு செய்யலாம். முதல் பத்து ஆண்டுகளில் முப்பதாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் இப்படிப் போனார்கள். புதுச்சேரிக்கு அடுத்த ஆரோவில்லுக்கும், தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபையின் விடுதிகளுக்கும் பள்ளிகளுக்கும் இத்தகைய இளைஞர்கள் வந்திருக்கிறார்கள். அந்தத் திருச்சபை 1919 ஜனவரி 14ல் உருவானது. தலைமையகம் நம் திருச்சியிலேயே இருக்கிறது. அதனோடு நெடுங்காலத் தொடர்புடைய லைப்சிக் மிஷன்தான் அங்கிருந்து அனுப்புகிறது.

பணக்கணக்கைக் கவனியுங்கள். ஏற்கத்தக்க செலவில் முக்கால் பங்கு வரை அமைச்சகம் கொடுக்கும். மீதி கால் பங்கை அனுப்பும் சங்கம் திரட்ட வேண்டும். சங்கம் என்ன செய்கிறது? போகிற இளைஞரின் பெற்றோர், பாட்டி, சபை, பள்ளி நண்பர்கள் என்று ஒரு தாங்கும் குழுவைச் சேர்க்கிறது. செல்வ நாடு, அரசாங்கமே முன்வந்து கொடுக்கிறது. அப்படியிருந்தும் சபையில் உண்டியல் போகிறது! 'வெளிநாட்டில் எல்லாம் அரசாங்கமே பார்த்துக்கொள்ளும்' என்று நினைக்கிறவர்கள் இதை அறியவேண்டும்.

அந்தக் கணக்கில் பிரயாணம், காப்பீடு, சாப்பாடு, தங்குமிடம், கைச்செலவு, குறைந்தது 25 நாள் பயிற்சிக் கூட்டங்கள் ஆகியவை அடங்கும். அடங்காதவை எவை? வந்து சேர்ந்த 24 மணி நேரத்துக்குள் வெளிநாட்டவர் தங்கியிருக்கும் தகவலை விடுதியார் இணைய வழியில் தெரிவிக்க வேண்டும். விசா 180 நாளுக்கு மேற்பட்டதானால் 14 நாளுக்குள் பதிவும் செய்ய வேண்டும். சுற்றுலா விசாவில் வந்து மாதக்கணக்கில் தொண்டு செய்ய முடியாது. உரிய விசாவுக்கு ஏற்கும் நிறுவனம் காகிதங்கள் தயாரித்துக் கொடுக்க வேண்டும். இவற்றோடு விடுதி அம்மா ரசத்தில் காரம் குறைப்பது, காய்ச்சல் வந்தால் இரவில் உடன் உட்காருவது, "சாப்பிட்டாச்சா?" என்று கேட்பது உண்மையில் நலம் விசாரிப்புதான் என்று விளக்குவது எல்லாம் உண்டு. இந்த மணி நேரங்களுக்கு எந்த மானியப் படிவத்திலும் கட்டம் கிடையாது. அந்த அம்மாவின் சம்பளம் ஸ்தல காணிக்கையிலிருந்து போகிறது.

வேறொரு விஷயம் இதைவிடக் கனமானது. 2020 மார்ச் மாத நடுவில் கொரோனா பரவியபோது, உலகெங்கும் இருந்த வெல்ட்வேர்ட்ஸ் தொண்டர்கள் எல்லோரையும் ஊருக்குத் திரும்ப அழைக்க அமைச்சகம் தீர்மானித்தது. பெற்ற பிள்ளைகளைப் பற்றிய பொறுப்பான தீர்மானம். குறை சொல்ல இடமில்லை. மார்ச் 25ல் நம் நாட்டில் ஊரடங்கு வந்தது. ஆனால் கவனியுங்கள், தொண்டர் வருவதும் போவதும் தீர்மானமாவது எங்கே? பணம் புறப்படும் இடத்தில். மூன்று நாட்டுப் பணத்தில் வந்த சுவார்ச்சின் காலத்திலும் அப்படித்தான். ஏற்கிற விடுதியில் ஒரு பாடவேளையையோ ஒரு வார்டு வேலையையோ முழுவதும் வெளிநாட்டுத் தொண்டரை நம்பி அமைத்திருந்தால், அன்று அது காலியாகியிருக்கும். தொண்டர் இல்லாவிட்டாலும் நடக்கக்கூடிய வேலையில் மட்டுமே தொண்டரைச் சேர்க்கவேண்டும் என்று நாங்கள் வற்புறுத்துவது இதனால்தான். அப்படி நடத்த உள்ளூரில் சம்பளம் பெறும் ஓர் ஆள் முதலில் இருக்கவேண்டும்.

பணத்தோடு ஆட்களும் பயணப்படுவது வேதத்திலும் உண்டு. எருசலேம் ஏழைகளுக்காகப் பவுல் திரட்டிய தர்மப்பணத்தை, கொடுத்த சபைகள் தெரிந்துகொண்ட ஆட்களே கொண்டுபோக வேண்டும் என்று 1 கொரிந்தியர் 16ல் ஏற்பாடு செய்கிறார். அப்போஸ்தலர் 20:4ல் வரும் பெயர்ப் பட்டியலை நாம் வேகமாக வாசித்துக் கடந்துவிடுகிறோம். பெரோயா, தெசலோனிக்கே, தெர்பை, ஆசியா என்று ஊர் ஊராக ஆட்கள்! அவர்களில் சிலராவது இந்தத் தர்மப்பணத்தோடு போனவர்கள் என்றே வேத பண்டிதர் பலர் கருதுகிறார்கள். அந்தக் காணிக்கையில் மக்கெதோனியரும் சேர்ந்தார்கள். அவர்கள் தாங்களே கொடிய தரித்திரத்தில் இருந்தவர்கள் என்று 2 கொரிந்தியர் 8 கூறுகிறது. கொடுத்ததால் தங்கள் ஆளை அனுப்பும் உரிமையும் அவர்களுக்கு வந்தது.

வெல்ட்வேர்ட்ஸ் திட்டத்திலும் முதல் சில ஆண்டுகள் பயணம் ஒரே திசையில்தான் நடந்தது. அங்கிருந்து இங்கே. இங்கிருந்து அங்கே போக வழியில்லை. ஏற்கும் நாடுகளின் நிறுவனங்கள் இதை விடாமல் எடுத்துச் சொல்லி வந்தன. கடைசியில் 2013ல் தெற்கிலிருந்து வடக்கு நோக்கிய பகுதி சோதனையாகத் தொடங்கியது. ஜெர்மனியில் கட்டாய ராணுவச் சேவை நிறுத்தப்பட்ட 2011ல் ஏற்பட்ட உள்நாட்டுத் தொண்டர் சேவைச் சட்டத்தின் கீழ், நம் இளைஞரும் அங்கே முதியோர் இல்லத்திலோ மழலையர் பள்ளியிலோ ஓராண்டு வேலை செய்யலாம். தமிழ்நாட்டிலிருந்து லைப்சிக் மிஷன் மூலம் போனவர்களும் இருக்கிறார்கள். ஆனாலும் வடக்கிலிருந்து வருபவர்கள் ஆண்டுக்கு ஆயிரக்கணக்கில் என்றால், தெற்கிலிருந்து போகிறவர்கள் சில நூறுதான்.

சட்டத்தைப் பற்றிக் கொஞ்சம். வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம் முதலில் 1976ல் வந்தது. 2010ல் புதிதாக இயற்றப்பட்டு 2011 மே முதல் நடைமுறைக்கு வந்தது. 2020 செப்டம்பரில் செய்யப்பட்ட திருத்தத்தால் மூன்று காரியங்கள் மாறின. வெளிநாட்டுப் பணம் முதலில் வந்து சேரவேண்டிய இடம் புதுடெல்லி ஸ்டேட் பாங்கின் முதன்மைக் கிளை மட்டுமே. நிர்வாகச் செலவு பாதி வரை இருக்கலாம் என்றிருந்தது ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்தது. முக்கியமானது மூன்றாவது. பணம் பெற்ற சங்கம் அதை வேறு சங்கத்துக்குக் கைமாற்றக் கூடாது. முன்பெல்லாம் தலைமை அலுவலகம் மானியம் பெற்று, பதிவு பெற்ற கிராம விடுதிக்குப் பிரித்து அனுப்பும். இப்போது தனிச் சங்கமாக இயங்கும் விடுதி தன் பெயரிலேயே பதிவு பெறவேண்டும். பதிவுக்கு அந்த நிறுவனம் மூன்று ஆண்டுகளாக இருந்திருக்க வேண்டும். அந்த மூன்று ஆண்டுகளில் தன் நோக்கத்துக்காக 15 லட்சம் ரூபாயாவது செலவழித்திருக்க வேண்டும். குறிப்பிட்ட ஒரு கொடையாளரிடம் குறிப்பிட்ட ஒரு வேலைக்காகப் பெற, முன் அனுமதி என்ற தனி வழியும் உண்டு. 

அந்த 15 லட்சம் எங்கிருந்து வரும்? வெளிநாட்டுப் பணம் வாங்கும் தகுதி பெறுமுன் செலவழித்த பணமாகையால், பெரும்பாலும் அது உள்நாட்டுப் பணமாகத்தான் இருக்கவேண்டும். உறையில் ஐம்பதும் நூறுமாக வந்த பணம். ஆகவே முதலில் கேட்கப்பட்ட கேள்வியைச் சட்டமே திருப்பிப் போட்டுவிட்டது. ஸ்தல காணிக்கை நின்றுபோன இடத்துக்கு வெளிநாட்டு மானியம் வந்து சேருவதே கடினம்.

உங்களில் சிலர் உதவ விரும்பும் ஒரு பகுதியைச் சொல்கிறோம். அங்கே போக ஓர் இளைஞர் தெரிவானபின் மானியம் தொடங்குகிறது. தெரிவாகுமுன் ஆகும் செலவு வீட்டார் தலையில். பாஸ்போர்ட்டுக்கு 1,500 ரூபாய். அலுவலகம் திருச்சியிலேயே இருப்பது சௌகரியம். ஜெர்மன் மொழியில் தொடக்கப் பாடமாவது படித்திருக்க வேண்டும். அதற்கு மாதக்கணக்கில் வகுப்பும் கட்டணமும். நேர்முகத்துக்குப் போய்வர ரயில் செலவு. ஓராண்டு சம்பாத்தியம் இல்லாமல் மகளை அனுப்பக் கூலி வேலை செய்யும் தகப்பன் யோசிப்பார். அதனால் நகரத்தில் ஆங்கிலப் பள்ளியில் படித்த பிள்ளைகளே அதிகம் விண்ணப்பிக்கிறார்கள். மணப்பாறைப் பக்கத்துப் பிள்ளையோ துறையூர்ப் பக்கத்துப் பிள்ளையோ போகவேண்டுமானால் இந்த முன்செலவை யாராவது ஏற்கவேண்டும். பெரிய தொகை அல்ல. ஒரு சபையின் வாலிபர் சங்கம் தாங்கக்கூடியது.

கடைசியாக ஓர் எச்சரிக்கை. தொண்டு முடிந்து ஊர் திரும்பும் வெளிநாட்டு இளைஞர், கையில் மிஞ்சிய ரூபாயை அன்பினால் உண்டியலில் போட நினைக்கலாம். இந்திய ரூபாயாக இருந்தாலும் கொடுப்பவர் வெளிநாட்டுக் குடிமகனானால் அது வெளிநாட்டு நன்கொடை. ரொக்கமாக வாங்கக் கூடாது. உங்கள் பிள்ளைகளுக்கும் இது பொருந்தும். சிங்கப்பூரிலோ துபாயிலோ இருந்தாலும் இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வழக்கமான வங்கி வழியாக அனுப்புவது ஸ்தல காணிக்கையாகவே கணக்கில் வரும். கனடா அல்லது அமெரிக்கக் குடியுரிமை பெற்று ஓ.சி.ஐ. அட்டை வைத்திருப்பவருடைய பணம் அப்படியல்ல. கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்கு வரும் மகன் எந்தப் பாஸ்போர்ட் வைத்திருக்கிறார் என்று தயவுசெய்து கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டாவது வகையானால் உறையில் போடவேண்டாம். அலுவலகத்துக்கு எழுதினால் டெல்லிக் கணக்கின் விவரத்தை அனுப்பிவைப்போம்.